பேண்ட்கேம்ப்: ஒரு ஆல்பத்துக்கு 500 ரூபாய் தரலாமா?

பெங்களூர் அல்சூரில் மெஸ் நடத்துகிறேன். எங்களிடம் அளவுச் சாப்பாடு 120 ரூபாய். பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய் என்றார்கள். உலகத்துப் பாட்டெல்லாம் ஒரு மாதம் முழுக்க, எங்கள் மெஸ்ஸின் ஒரு சாப்பாட்டு விலைக்கு! கேட்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்த விலை அப்போதிருந்தே உறுத்தியது. 120 ரூபாயில் அரிசிக்கு எவ்வளவு, காய்க்கு எவ்வளவு, எண்ணெய், காஸ், வாடகை, பரிமாறும் பிள்ளைகளின் சம்பளம் எவ்வளவு என்று தினமும் கணக்குப் போடுகிறவள் நான். 119 ரூபாயை அத்தனை பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் பங்கு வைத்தால் யார் இலையில் என்ன விழும்?

பாட்டுக்கு ஒழுங்காகக் காசு கொடுக்க நினைப்பவர்களுக்கு இப்போதைக்கு இருப்பதில் நல்ல கடை பேண்ட்கேம்ப் என்பது என் முடிவு. குறைகளும் உண்டு. அதில் ஒன்று நம்மைப் போல இந்தியாவில் இருப்பவர்களைத்தான் நேராகத் தாக்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய இணையக் கடை. பாடுகிறவரோ வாசிக்கிறவரோ, பாட்டு வெளியிடும் சிறு கம்பெனியான லேபிள்காரரோ தானே ஒரு பக்கம் திறந்து, தானே விலை வைத்து விற்கலாம். நாம் வாங்கினால் அந்தப் பாட்டு நம் கைக்கு வந்துவிடும். கோப்பாக இறக்கிக் கணினியிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொள்ளலாம். சந்தா கிடையாது. பெரும்பாலான ஆல்பங்களை வாங்குவதற்கு முன்பே முழுதாகக் கேட்டுப் பார்க்கலாம். விளம்பரம் குறுக்கே வராது.

மாதச் சந்தாப் பணம் எப்படிப் பிரிகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியும். கிடார் வாசிக்கும் தம்பி, மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர். நான் கட்டும் பணம் நான் கேட்ட கலைஞருக்குப் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய செயலிகள் எல்லோருடைய சந்தாவையும் ஒரே உண்டியலில் போட்டு, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை நாடு முழுக்க எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற விகிதத்தில் பிரிக்கின்றன. நான் ஒரு மாதம் முழுக்க நாதஸ்வரம் மட்டும் கேட்டாலும், என் பணத்தின் பெரும்பகுதி அந்த மாதம் எல்லோரும் கேட்ட சினிமாப் பாட்டுக்குத்தான் போகும். அதுவும் பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அந்தக் கம்பெனிக்கு. கம்பெனி தன் ஒப்பந்தப்படி எடுத்துக்கொண்ட பிறகுதான் பாடியவருக்கு, வாசித்தவருக்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதியும் வந்திருக்கிறது. கடந்த 12 மாதங்களில் 1000 முறையாவது ஓடாத பாட்டுக்குப் பணமே கிடையாது. சினிமாப் பாட்டுக்கு 1000 என்பது ஒரு கணக்கே இல்லை. அரை மணி நேரத் தோடி ஆலாபனைக்கு அது பெரிய எண்ணிக்கை.

இந்த முறையை மாற்ற முயன்றவர்களும் இருக்கிறார்கள். சவுண்ட்கிளவுட் என்ற பாட்டுத் தளம் 2021இல், ஒரு ரசிகரின் பணம் அவர் கேட்ட கலைஞர்களுக்கே போகும்படி ஒரு ஏற்பாட்டைச் சிறு கலைஞர்களுக்காகக் கொண்டுவந்தது. நியாயமான யோசனை. நம் நாட்டில் பெரும்பாலோர் பயன்படுத்தும் செயலிகளில் அது இல்லை.

பேண்ட்கேம்ப்பின் கணக்கு இதைவிட எளிது, எல்லோரும் பார்க்கும்படி எழுதியும் வைத்திருக்கிறார்கள். கோப்பாக விற்கும் பாட்டுக்கு 15 சதவீதம் கடைக்கு. கலைஞரின் விற்பனை 5000 டாலரைத் தாண்டினால் 10 சதவீதம். பணம் செலுத்தும் வழிக்குத் தனியாக ஒரு சிறு கட்டணம். மீதி கலைஞருக்கு. ஏழு டாலர் ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றால் 595 ரூபாய். கடையின் பங்கு 89. மற்ற கட்டணமும் போக 470, 480 ரூபாய் விற்பவர் கைக்குப் போகிறது. நான் சாப்பாட்டை டெலிவரி ஆப் வழியாகவும் விற்கிறேன். அங்கே கால் பங்கு கமிஷனாகப் போகிறது. அப்புறம் தள்ளுபடியில் என் பங்கு, விளம்பரத்துக்கு என் பங்கு. அதையெல்லாம் பார்த்த பிறகு இந்த 15 சதவீதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்கும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். விலை இருக்கும் இடத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். பக்கத்தில் குறைந்தபட்ச விலை எழுதியிருக்கும். கட்டத்தில் அதற்குக் குறையாமல் எந்தத் தொகையை வேண்டுமானாலும் போடலாம். சில ஆல்பங்களுக்குக் குறைந்தபட்சமே கிடையாது, சுழியம் போட்டாலும் தருவார்கள். இந்த யோசனை புதிதில்லை. ரேடியோஹெட் என்ற இங்கிலாந்துக் குழு 2007இல் தன் புது ஆல்பத்தை இணையத்தில் வைத்து, விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றது. பெயர் பெற்ற குழுவுக்கு அது சரிப்படும். யாரென்றே தெரியாத ஒருவர் அப்படி வைக்கும்போது, அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு வேலை கூடுகிறது. எவ்வளவு போடுவது?

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை மூன்றாவது முறை கேட்டால், அதை வாங்கிவிட வேண்டும். குறைந்தபட்சம் என்னவாக இருந்தாலும் 500 ரூபாய்க்குக் குறையாமல் போடுவேன். 500 ஏன் என்று கேட்கலாம். நல்ல கச்சேரிக்குக் கொஞ்சம் முன்வரிசையில் உட்கார அவ்வளவு கொடுக்கத் தயங்க மாட்டேன். சாமராஜப்பேட்டையில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939 முதல் ஆண்டுதோறும் ராமநவமிக் கச்சேரிகள் நடத்துகிறது. கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கும் கச்சேரி அன்று இரவோடு முடிந்துவிடும். நான் வாங்கிய ஆல்பம் பத்து வருஷம் கழித்தும் என்னிடம் இருக்கும். அதற்குக் கச்சேரியைவிடக் குறைவாகக் கொடுக்க என்ன நியாயம் இருக்கிறது?

அக்கா மகன் இங்கே ஒயிட்ஃபீல்டில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான். "சித்தி, யூடியூப்ல அதே பாட்டு ஃப்ரீயா இருக்கே, எதுக்கு ஐந்நூறு ரூபா?" என்று கேட்டான். நல்ல பையன், காசுக்குக் கஞ்சத்தனம் பார்க்கிறவனும் இல்லை. அவன் தலைமுறைக்குப் பாட்டு குழாயில் வரும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அவனிடம் கிடார் தம்பியின் கணக்கைச் சொன்னேன். ஆறு பாட்டு உள்ள சிறிய ஆல்பம். ஸ்டுடியோவுக்கு மணிக் கணக்கில் வாடகை. டிரம்ஸ் வாசித்தவருக்கு, வயலின் வாசித்தவருக்குச் சம்பளம். மிக்சிங் ஒருவர், மாஸ்டரிங் இன்னொருவர், அட்டைப் படம் வரைந்தவர் வேறு. ஒன்றரை லட்சம் ஆகிவிட்டது. அது செயலிகளில் வெளியாகி ஒரு வருஷம் ஆன பிறகு அவர் கைக்கு வந்த தொகை எங்கள் மெஸ்ஸில் அவருடைய ஒரு மாதச் சாப்பாட்டு பில்லுக்குக்கூடப் போதவில்லை. அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்று எழுதியும் இருக்கிறார்கள். அவர்களில் 300 பேர் 500 ரூபாய் கொடுத்திருந்தால் போட்ட காசு திரும்பி வந்திருக்கும். பெரிய கூட்டம் வேண்டாம், 300 பேர் போதும்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சந்தாவை நிறுத்திடணுமா?" என்றான். வேண்டாம் என்றேன். நானும் ஒரு செயலிக்குச் சந்தா கட்டுகிறேன். புதிதாக யார் என்ன வாசித்திருக்கிறார் என்று தேட, பழைய பாட்டு ஏதாவது ஞாபகம் வந்தால் உடனே போட, அது வேண்டும். ஆனால் அது வாடகைதான். வாடகை கட்டிவிட்டதால் பாட்டுக்கு விலை கொடுத்துவிட்டதாக ஆகாது. மாதத்துக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வைத்து, மனதுக்குப் பிடித்ததை வாங்குவது வேறு கணக்கு. சினிமாவுக்கும் ஹோட்டலுக்கும் எடுத்து வைக்கும் குடும்பத்துக்கு இது முடியாத காரியம் இல்லை.

வாடகைக்கு இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரெசோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடப்பட்டது. விங்க் மியூசிக் அதே ஆண்டு முடிந்தது. வருஷக் கணக்கில் பொறுக்கிச் சேர்த்த பட்டியல்களோடு மக்கள் வேறு வீடு தேடிப் போனார்கள். விலைக்கு விற்ற கடையும் இங்கே ஒரு காலத்தில் இருந்தது. நம் பெங்களூருக் கம்பெனி ஃப்ளிப்கார்ட் 2012இல் ஃப்ளைட் என்ற பெயரில் எம்பி3 விற்றது. ஒரு பாட்டு 6 ரூபாயிலிருந்து கிடைக்கும். மறு வருஷமே மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வாங்கி இறக்கி வைத்தவர்களின் பாட்டுகள் கடை மூடிய பிறகும் அவர்களிடம்தான் இருந்தன. பேண்ட்கேம்ப்புக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி அதை வாங்கியது. 2023இல் சாங்டிராடர் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டது, அப்போது பணியாளர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. கலைஞர்களுக்காக நடக்கும் கடை என்று நம்பிய எங்களுக்கெல்லாம் அது வருத்தமான செய்தி. கை மாறிய கடை நாளை என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் வாங்கிய அன்றே கோப்பை இறக்கி, இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். செயலியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

இறக்கும்போது எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்கும். எம்பி3 இருக்கிறது, ஃப்ளாக் இருக்கிறது, வேறு சிலவும் இருக்கின்றன. விலை ஒன்றுதான். எதையும் பிறகு மாற்றி இறக்கலாம். இடம் இருந்தால் ஃப்ளாக் எடுங்கள். பதிவு செய்த ஒலியில் எதையும் வெட்டாமல் சுருக்கிய கோப்பு அது. ஒரு ஆல்பம் சில நூறு எம்பி ஆகும், அவ்வளவுதான். வெளிநாட்டுச் சிறு லேபிள் ஒன்று வெளியிட்ட நாதஸ்வரப் பதிவு ஒன்றை இப்படி வாங்கினேன். டெல்டா பக்கத்துக் கலைஞர், கோயில் மண்டபத்தில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். விடியற்காலை காய் நறுக்கும் முன்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் ஸ்வரம் வருவதற்கு முன் அவர் மூச்சை இழுப்பது கேட்கிறது. நாக்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் தொட்டு விலகும் சின்னச் சத்தம் கேட்கிறது. தவில்காரர் தவிலின் வலது பக்கமான வலந்தலையை லேசாகத் தட்டிச் சரிபார்க்கிறார், அதுவும் விழுந்திருக்கிறது. கல்யாண மண்டபத்து மைக்கில் கேட்டுக் கேட்டு, நாதஸ்வரம் என்றாலே உரத்த சத்தம் என்று ஆகிவிட்டது நமக்கு. மெல்லிய இடங்களை அவர் எப்படி வாசிக்கிறார் என்பது இதில் தெரிந்தது. கூடவே ஒரு சிறு புத்தகமும் வந்தது. ராகம், தாளம், துணைக்கு வாசித்தவர்களின் பெயர், பதிவு செய்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. தாளம் போட்டவர் பெயரைக்கூட விடவில்லை. எந்தச் சந்தாச் செயலியில் இதைப் பார்த்தீர்கள்?

சரி, குறைகள்.

சினிமாப் பாட்டு தேடி இங்கே வர வேண்டாம். தமிழ்த் திரையிசையின் உரிமைகள் பெரிய கம்பெனிகளிடம் இருக்கின்றன, அவர்கள் இங்கே கடை போடவில்லை. பழைய பாட்டு மட்டும் போதும் என்கிறவர்களுக்குச் சரிகம வெளியிடும் கார்வான் பெட்டி நல்லது. மாமியாருக்கு வாங்கிக் கொடுத்தோம். ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய், 5000 பாட்டு. நெட் வேண்டாம், சந்தா வேண்டாம். காலையில் பொத்தானைத் திருகினால் சீர்காழி, டி.எம்.எஸ்., சுசீலாம்மா. ஒரு பாட்டுக்கு ஒரு ரூபாய்ச் சொச்சம் என்று கணக்கு வரும். ஆனால் அந்த ஒரு ரூபாயில் வாத்தியக்காரர்களுக்கு எதுவும் இல்லை, அவர்கள் அன்றைய ரெக்கார்டிங் சம்பளத்தோடு முடிந்துபோனவர்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிவிட முடியாது என்று காப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்ததே 2012இல்தான். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது நம் வீடுகளிலெல்லாம் ராயல்டி பற்றிச் சண்டையே நடந்தது. எங்கள் மெஸ்ஸில் இரண்டு மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவ்வளவு பேசிய நாம், மேடையில் பாட யார் யாருக்குக் காசு தர வேண்டும் என்று கேட்டோமே தவிர, வீட்டில் உட்கார்ந்து கேட்கும் நாம் எவ்வளவு தருகிறோம் என்று கேட்கவில்லை.

மெஸ்ஸில் ஏன் பாட்டுப் போடுவதில்லை என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் பாட்டு ஒலிக்க பிபிஎல், ஐபிஆர்எஸ் போன்ற அமைப்புகளிடம் உரிமம் வாங்க வேண்டும். வீட்டுச் சந்தாவைக் கடையில் போட அந்தச் செயலிகளின் விதிகளே இடம் தருவதில்லை. உரிமம் எடுக்கும் வரை கூடத்தில் மின்விசிறிச் சத்தம்தான்.

கர்நாடக இசையும் பேண்ட்கேம்ப்பில் குறைவு. தேடினால் வீணையும் கடமும் கொன்னக்கோலும் கிடைக்கும், ஆனால் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர்கள் பதிவு செய்தவை. தமிழ் எழுத்தில் தேடிப் பலன் அதிகம் இல்லை. இசைக்கலைஞரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார் என்று ஊகித்துத்தான் தேட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் பணம் போகும் வழி. பேண்ட்கேம்ப்பில் விற்கிற கலைஞர், இணையத்தில் பணம் வாங்க உதவும் பேபால் கணக்கு வைத்திருக்க வேண்டும். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டும்தான் இந்தியாவில் இருப்பவர் அதன் வழியாக வாங்க முடியும். அதனால் பெங்களூரில் உட்கார்ந்து பெர்லின்காரரின் ஆல்பத்தை வாங்கலாம், பெர்லின்காரர் அல்சூர்க்காரரின் ஆல்பத்தை வாங்கலாம். அல்சூர்க்காரருக்கு அல்சூர்க்காரர் கொடுக்கத்தான் வழி அடைபட்டிருக்கிறது. என் எதிரே உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடும் தம்பிக்கு, யாரோ தூரதேசத்தில் இருப்பவர் கொடுப்பதை நான் கொடுக்க முடியாது என்றால் மனசு கேட்கவில்லை.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. கலைஞர்கள் தங்கள் பக்கத்திலிருந்து டவுன்லோட் கோடு உருவாக்கிக்கொள்ள முடியும். அந்தத் தம்பிக்கு யுபிஐயில் 500 ரூபாய் அனுப்பினேன், அவர் வாட்ஸ்அப்பில் கோடு அனுப்பினார். அதைப் போட்டதும் ஆல்பம் என் கணக்கில் சேர்ந்துவிட்டது. கடைக்குக் கமிஷன் இல்லை, டாலர் மாற்றும் கட்டணம் இல்லை, 500ம் அவருக்கே. சென்னையில் வீணை வாசிக்கும் ஒரு அம்மாவுக்கும் மெயில் எழுதிக் கேட்டு இப்படியே வாங்கினேன். "யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை" என்று பதில் எழுதினார்.

வெளிநாட்டுக் கலைஞரிடம் வாங்குவதாக இருந்தால், வங்கிச் செயலியில் கார்டின் சர்வதேசப் பரிவர்த்தனையை முதலில் திறந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். வங்கி தன் பங்குக்கு அன்னியச் செலாவணிக் கட்டணம் எடுக்கும், அது கார்டுக்குக் கார்டு மாறும். மாதக் கடைசியில் நாலு ஆல்பத்தைச் சேர்த்து வாங்க நினைத்தால், பேண்ட்கேம்ப் வெள்ளி வரை பொறுத்திருங்கள். 2020 மார்ச்சில், கொரோனாவால் கச்சேரிகளெல்லாம் நின்றபோது, ஒரு நாள் முழுக்கத் தன் 15 சதவீதத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது இந்தக் கடை. அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் சில வெள்ளிக்கிழமைகளில் அப்படிச் செய்கிறார்கள். கலிஃபோர்னியா நேரப்படி நடப்பதால், நமக்கு அது வெள்ளி மதியம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ தொடங்கி, சனிக்கிழமை அதே நேரம் வரை. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு நான் வாங்குவேன்.

தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் வாசிக்கிற, பாடுகிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேண்ட்கேம்ப்பில் பக்கம் வைத்திருந்தால், உங்களைப் பற்றி எழுதும் இடத்தில் இந்தியாவில் இருப்பவர்கள் எப்படி வாங்கலாம் என்று இரண்டு வரி சேருங்கள். மெயில் முகவரி போதும். விலையை ரூபாயில் எழுதுங்கள், கூச்சப்படாமல் எழுதுங்கள். பக்கமே இல்லாத நாதஸ்வர வித்வான்கள், கச்சேரி முடிந்து பெட்டி கட்டும்போது வந்து கேட்கிறவர்களிடம், "யூடியூப்ல இருக்கு, பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு பென் டிரைவில் உங்கள் நல்ல பதிவு இரண்டைப் போட்டு, 500 என்று எழுதி வைத்திருங்கள். வாங்குவதற்கு ஆள் இருக்கிறோம்.